கறிவேப்பிலையில் 2 பிபிஎம்: எச்ச அறிக்கையிலிருந்து அபாயத்தைக் கணக்கிடும் வழி

"கறிவேப்பிலையில் அனுமதித்த அளவைவிட 200 மடங்கு பூச்சிமருந்து" என்று ஒரு செய்தி வருகிறது. இரண்டு நாள் வீட்டில் கறிவேப்பிலை வாங்குவதில்லை. மூன்றாம் நாள் காய்கறிக் கடைக்காரர் வழக்கம்போல ஒரு கொத்தைப் பையில் போடுகிறார், நாமும் வாங்கி வந்துவிடுகிறோம். அந்த 200 மடங்கு நம் உடம்பை என்ன செய்யும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்திருக்காது.

அந்தப் பதிலை நாமே பெருமளவு கண்டுபிடிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் தரம் பார்ப்பவர்கள், நுகர்வோர் அமைப்புகளில் இருப்பவர்கள், இதைப் பற்றிச் செய்தி எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணமாகக் கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்கிறேன். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் ஏக்கர் கணக்கில் விளைகிறது, கேரளத்துக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் இந்தியக் கறிவேப்பிலையைச் சேர்த்தது. காரணம் பூச்சிக்கொல்லி எச்சம்தான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே உணவில் இருப்பதாக நான் எடுத்துக்கொள்ளும் எச்ச அளவுகள் கணக்குக்காக வைத்தவை. நச்சு வரம்புகள் மட்டும் உண்மையானவை.

அறிக்கையை முழுதாகப் படிப்பது

புதிதாக வருபவர்கள் அறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன் மாதிரி எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் முறைப்படி, தக்காளி அளவுள்ள காய் என்றால் குறைந்தது 10 காய், 1 கிலோ வேண்டும். முட்டைக்கோஸ் போலப் பெரியது என்றால் குறைந்தது 5, 2 கிலோ வேண்டும். ஒரு கடையில் வாங்கிய ஒரே கொத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு ஊர்ச் சந்தை முழுவதையும் பற்றிப் பேசக் கூடாது. ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களின் தரத்தைச் சரிபார்க்கும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் சேர்த்துத்தானா என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது "பி.எல்.க்யூ." என்ற குறிப்பு. நம்பிக்கையோடு அளக்க முடிகிற அளவுக்குக் கீழே என்று அதற்குப் பொருள். பூஜ்யம் என்று அர்த்தமில்லை. அந்த அளவு 0.01 பிபிஎம் (கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்) என்றால், உண்மையில் 0 முதல் 0.01 வரை எதுவாகவும் இருக்கலாம். கணக்கை இரண்டு முறை போடுங்கள்: ஒரு முறை 0 என்று வைத்து, ஒரு முறை 0.01 என்று வைத்து. இரண்டு விடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கவலையில்லை. பெரிதாக இருந்தால், இன்னும் நுணுக்கமாக அளக்கும் ஆய்வகம் தேவை.

எந்தெந்த மருந்தைத் தேடினார்கள் என்ற பட்டியல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே சோதனையில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடும் முறையில் மான்கோசெப், கிளைஃபோசேட், பாராகுவாட் ஆகியவை சிக்காது. அவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. திராட்சைக்கும் தக்காளிக்கும் மான்கோசெப் சர்வ சாதாரணமாக அடிக்கிறார்கள். பட்டியலில் இல்லாத மருந்தைப் பற்றி அறிக்கை எதுவும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், அடித்த மருந்து செடிக்குள் வேறொன்றாக மாறலாம். அசிஃபேட் அடித்தால் அதில் ஒரு பகுதி மெத்தமிடோஃபாஸ் ஆகிறது. ஒரே வேளை உணவுக்கான பாதுகாப்பு வரம்பை வைத்துப் பார்த்தால், தாய் மருந்தைவிட மெத்தமிடோஃபாஸுக்கு 10 மடங்கு இறுக்கமான வரம்பு. இரண்டையும் அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எம்.ஆர்.எல். என்பது உடம்புக்கான கோடு அல்ல

செய்தியில் வரும் "அனுமதித்த அளவு" என்பது எம்.ஆர்.எல்., அதாவது அதிகபட்ச எச்ச வரம்பு. டப்பாவின் மேல் எழுதியிருக்கிறபடி மருந்தை அடித்து, காத்திருப்புக் காலம் (மருந்து அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையே விட வேண்டிய நாள்கள்) முடிந்தபிறகு பறித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயல் சோதனைகளில் பார்த்து இதை வைக்கிறார்கள். அப்படி வைத்த அளவு உடம்புக்கான பாதுகாப்பு வரம்புக்குள் அடங்குகிறதா என்பதைப் பிறகு சரிபார்க்கிறார்கள். ஆக, இது அடிப்படையில் விவசாயி சரியாக மருந்து அடித்தாரா என்று பார்க்கும் அளவுகோல்.

கறிவேப்பிலை போன்ற சிறு பயிர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான மருந்துகளைக் கறிவேப்பிலைக்கு யாரும் பதிவு செய்வதே இல்லை, அதனால் தனி வரம்பும் இருக்காது. தனி வரம்பு இல்லாத இடத்தில் ஐரோப்பாவில் பொது வரம்பாக 0.01 பிபிஎம் வைத்திருக்கிறார்கள், இந்தியாவிலும் பெரும்பாலான பொருள்களுக்கு இதே எண்தான். இந்த எண், ஆய்வகக் கருவி வழக்கமாக அளக்க முடிகிற கீழ்நிலையை ஒட்டி வைத்தது. அந்த மருந்தின் நச்சுத்தன்மையைப் பார்த்து வைத்தது அல்ல. இலையில் 2 பிபிஎம் இருந்தால் உடனே "200 மடங்கு" ஆகிவிடுகிறது. மருந்து எதுவாக இருந்தாலும் அதே 200 மடங்குதான். உடம்புக்கோ மருந்துக்கு மருந்து வித்தியாசம் இருக்கிறது.

வரம்பு மீறியது சட்டப்படி குற்றம், அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். அபாயம் எவ்வளவு என்பது தனிக் கணக்கு.

நச்சுக்கான இரண்டு எண்கள்

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து 1963 முதல் நடத்தும் ஜே.எம்.பி.ஆர். என்ற நிபுணர் கூட்டம், ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு எண்களைத் தருகிறது. ஆயுள் முழுக்கத் தினமும் உள்ளே போனாலும் பாதிப்பு வராது என்று கருதும் அளவு ஏ.டி.ஐ. ஒரே நாளில் அல்லது ஒரே வேளையில் உள்ளே போகலாம் என்பது ஏ.ஆர்.எஃப்.டி. இரண்டுமே உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். பொதுவாக, விலங்குகளில் எந்தப் பாதிப்பும் தெரியாத அளவை எடுத்து 100-ஆல் வகுக்கிறார்கள். விலங்கிலிருந்து மனிதருக்கு வரும்போது ஒரு 10, மனிதருக்கு மனிதர் வேறுபடுவதால் இன்னொரு 10.

நான்கு மருந்துகளைப் பாருங்கள். இமிடாகுளோபிரிட்: ஏ.டி.ஐ. 0.06, ஏ.ஆர்.எஃப்.டி. 0.4. புரோஃபெனோஃபாஸ்: 0.03, 1. டிரையசோஃபாஸ்: 0.001, 0.001. மோனோகுரோட்டோஃபாஸ்: 0.0006, 0.002. ஒரே வேளைக் கணக்கில் முதல் மருந்துக்கும் கடைசி மருந்துக்கும் 200 மடங்கு இடைவெளி இருக்கிறது. மோனோகுரோட்டோஃபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று இந்தியாவில் 2005-லேயே தடை வந்துவிட்டது. 2013-ல் பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த உணவில் கலந்திருந்தது இந்த மருந்துதான். அது எச்சத்தால் வந்த விபத்து அல்ல, சமையலுக்குள்ளேயே மருந்து கலந்துவிட்டது. ஆனாலும் எந்த அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்தாலும் நான் அங்கே நின்றுவிடுவேன்.

எந்த ஆண்டின் எண், யார் வைத்த எண் என்று கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். குளோர்பைரிஃபாஸுக்கு ஜே.எம்.பி.ஆர். வைத்த ஏ.டி.ஐ. 0.01. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2019-ல் இதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதையுமே வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மரபணுவையும் குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியையும் பற்றிய கவலைதான் காரணம். 2020-ல் ஐரோப்பா அந்த மருந்தை விலக்கியது. 2024-ல் அதே ஆணையம் அசிட்டாமிபிரிட்டுக்கான இரண்டு எண்களையும் 0.005 ஆகக் குறைக்கச் சொன்னது. ஜே.எம்.பி.ஆர். வைத்த ஏ.டி.ஐ. 0.07. பழைய எண்ணை வைத்து "பாதுகாப்பானது" என்று எழுதினால், அது பழைய அறிவை வைத்துச் சொன்ன பாதுகாப்பாகத்தான் இருக்கும்.

சமையலறைத் தராசு

ஆய்வகத்தில் லட்சக்கணக்கில் செலவழித்து எச்சத்தை மூன்று தசமத்துக்கு அளக்கிறோம். சாப்பிடும் அளவை மட்டும் மனக்கணக்கில் விட்டுவிடுகிறோம். கணக்கில் பெரிய பிழை வருவது இங்கேதான் என்பது என் அனுபவம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தராசை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஓர் இணுக்குக் கறிவேப்பிலையை உருவி நிறுத்தால் என் தராசு 2 முதல் 3 கிராம் காட்டுகிறது. நாலு பேருக்கு வைக்கும் சாம்பாரில் இரண்டு இணுக்கு என்றால் தலைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் வரும். பொரியல், ரசம், சட்னித் தாளிப்பு என்று நாள் முழுக்கச் சேர்த்தால் 5 கிராம். அதிலும் பாதிப் பேர் இலையை எடுத்துத் தட்டோரம் வைத்துவிடுகிறார்கள். அதற்காகக் கணக்கில் குறைக்காதீர்கள். இந்த மருந்துகளில் பல எண்ணெயில் நன்றாகக் கரையும், தாளிக்கும்போது கொஞ்சம் எண்ணெயோடு போய்விடும்.

அதே வீட்டில் ஒரு நாள் கறிவேப்பிலைத் துவையல் அரைத்தால் எல்லாம் மாறிவிடும். பெரியவர் 20 கிராம் இலை சாப்பிடுவார், சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் இரண்டு வயதுக் குழந்தைக்கும் 10 கிராம் போய்விடும். பொடி இன்னும் கவனிக்க வேண்டியது. ஒரு கிலோ பச்சை இலை காய்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மருந்து சிதையாமல் இருந்தால் கிராமுக்கு அதன் அடர்த்தி மூன்று மடங்காகும். முடிக்கும் தலைக்கும் நல்லது என்று தினமும் ஒரு ஸ்பூன் பொடி சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள், கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள். சராசரி அளவை எழுதும்போது அவர்கள் மறைந்துபோகிறார்கள். அதனால் எப்போதும் இரண்டு பேருக்குக் கணக்குப் போடுங்கள்: வழக்கமாகச் சாப்பிடுபவர் ஒருவர், மிக அதிகமாகச் சாப்பிடுபவர் ஒருவர். வீட்டிலேயே எடை குறைந்தவர் யாரோ அவரை முதலில் எழுதுங்கள்.

கணக்கு

சூத்திரம் ஒன்றுதான். எச்சத்தைச் சாப்பிட்ட அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுத்து, வரும் விடை நச்சு எண்ணில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிராமைக் கிலோவாக்க மறக்காதீர்கள். பிபிஎம் என்பது கிலோவுக்கு மில்லிகிராம்.

சாம்பார் நாள். இலையில் புரோஃபெனோஃபாஸ் 2 பிபிஎம், 5 கிராம் இலை, 60 கிலோ எடை. 2 × 0.005 = 0.01 மில்லிகிராம். 60-ஆல் வகுத்தால் 0.00017. ஏ.டி.ஐ. 0.03, ஆகவே 0.6 சதவீதம்கூட வரவில்லை. செய்தியில் "200 மடங்கு" என்று வந்த அதே இலைதான் இது.

அதே இலையில், அதே 2 பிபிஎம் அளவில், டிரையசோஃபாஸ் இருந்தால்? 0.00017-ஐ 0.001-ஓடு ஒப்பிட்டால் 17 சதவீதம். துவையல் நாளில் பெரியவருக்கு 2 × 0.02 ÷ 60 = 0.00067, அதாவது 67 சதவீதம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 × 0.01 ÷ 12 = 0.00167, அதாவது 167 சதவீதம். இங்கே கோட்டைத் தாண்டிவிட்டது. டிரையசோஃபாஸ் இந்தியாவில் 2020 இறுதியோடு தடை செய்யப்பட்ட மருந்து. பழைய இருப்பு எங்காவது கிடந்து அடிக்கப்பட்டால் அறிக்கையில் இன்றும் அது தலைகாட்டலாம்.

167 சதவீதம் என்றால் அந்தக் குழந்தைக்கு அன்றே வாந்தி வரும் என்று பொருள் அல்ல. வரம்பு வைக்கும்போது விட்ட பாதுகாப்பு இடைவெளியில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டோம் என்று பொருள். பெற்றோரிடம் பேசும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தவறாதீர்கள். அதற்காக அலட்சியமாகவும் சொல்ல வேண்டாம், அந்த இடைவெளியில் ஒரு பகுதி குழந்தை போன்றவர்களுக்காகத்தான் விட்டது.

முழுப் பழம் சாப்பிடும்போது

இலையும் தானியமும் கலந்து வருபவை, சராசரி எண் அங்கே பொருந்தும். கொய்யா அப்படி அல்ல. ஆய்வகம் பத்துப் பழத்தை ஒன்றாக அரைத்துச் சராசரி சொல்கிறது. குழந்தை சாப்பிடுவதோ அதில் ஒரே பழம். தெளிப்பான் நேராகப் பட்ட பழத்தில் சராசரியைவிடப் பல மடங்கு இருக்கலாம். இதற்காக ஜே.எம்.பி.ஆர். 3-ஆல் பெருக்கச் சொல்கிறது. ஐரோப்பாவில் இந்த அளவுப் பழத்துக்கு 7 வைக்கிறார்கள்.

ஆயக்குடிக் கொய்யா ஒன்று 200 கிராம், அதில் குழந்தை 150 கிராம் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லாம்டா சைஹேலோத்ரின் என்ற பூச்சிமருந்தின் சராசரி 0.3 பிபிஎம், ஏ.ஆர்.எஃப்.டி. 0.02. நேரடியாகப் போட்டால் 0.3 × 0.15 ÷ 12 = 0.00375, அதாவது 19 சதவீதம். 3-ஆல் பெருக்கினால் 56. 7-ஆல் பெருக்கினால் 131. எதை எடுத்தோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே மாறுகிறது. நான் இரண்டையும் எழுதிவிடுவேன்.

ஒரே வேளைக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு 1985-ல் கலிஃபோர்னியாவில் நடந்தது போதும். ஜூலை 4 விடுமுறையை ஒட்டித் தர்பூசணி சாப்பிட்டவர்கள் குமட்டல், வியர்வை, தசைத் துடிப்பு என்று மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். ஆல்டிகார்ப் என்ற மருந்து வேர் வழியாகப் பழத்துக்குள் ஏறியிருந்தது. தர்பூசணிக்கு அதை அடிக்க அனுமதியே இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். வருடச் சராசரியில் பார்த்தால் ஒரு துண்டுத் தர்பூசணி எந்தக் கணக்கிலும் வராது.

ஒரு நாள் முழுக்க, எல்லா உணவும்

நீண்ட கால அபாயத்துக்கு ஒரு மருந்து எந்தெந்த உணவில் வருகிறதோ எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இங்கே அதிகபட்ச எச்சத்தை எடுக்காமல், பல மாதிரிகளின் நடுமதிப்பை எடுப்பது வழக்கம். குளோர்பைரிஃபாஸ் அரிசியில் 0.05, காய்கறியில் 0.2, பழத்தில் 0.1 பிபிஎம் என்று வைப்போம். 55 கிலோ எடையுள்ள பெண் 300 கிராம் அரிசி, 200 கிராம் காய், 100 கிராம் பழம் சாப்பிட்டால் மொத்தம் 0.065 மில்லிகிராம், ஜே.எம்.பி.ஆர். ஏ.டி.ஐ.யில் 12 சதவீதம். 12 கிலோ எடையுள்ள குழந்தை 100 கிராம் அரிசி, 80 கிராம் காய், 100 கிராம் பழம் சாப்பிட்டால் 0.031 மில்லிகிராம், 26 சதவீதம். தாயில் பாதிகூடச் சாப்பிடாத குழந்தைக்கு இரண்டு மடங்குக்கு மேல் சுமை.

குளோர்பைரிஃபாஸ், புரோஃபெனோஃபாஸ், டிரையசோஃபாஸ் மூன்றுமே நரம்பில் உள்ள ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. தனித்தனியாக வரம்புக்குள் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் விட்டுவிட முடியாது. ஒரே வழியில் தாக்கும் மருந்துகளின் சதவீதங்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 100-ஐ நெருங்கினால் விரிவான ஆய்வுக்கு நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும்.

கழுவுவதும் வேகவைப்பதும்

மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி கழுவினால் போகும். இமிடாகுளோபிரிட் போலச் செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது. கறிவேப்பிலையைப் புளிக்கரைசலில் ஊறவைத்துக் கழுவச் சொல்கிறது கேரள வேளாண் பல்கலைக்கழகம், வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது. ஆனால் கணக்கில் "கழுவினால் பாதி போய்விடும்" என்று நீங்களாக ஓர் எண்ணைப் போடாதீர்கள். அந்த மருந்துக்கும் அந்தக் காய்க்கும் அளந்து பார்த்த எண் இருந்தால் மட்டும் போடுங்கள். மான்கோசெப் சூடாகும்போது ஈ.டி.யூ. என்ற வேறொரு நச்சுப் பொருளாக மாறுகிறது. வேகவைத்தால் எல்லாமே குறையும் என்ற நம்பிக்கை அங்கே பொய்யாகிவிடுகிறது.

முடிவை எழுதுவது

மோசமான நிலையை வைத்துப் போட்ட கணக்கிலும் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் நான் மேலே துருவுவதில்லை. 50-க்கு மேலே போனால் தராசையும் அறிக்கையையும் திரும்ப எடுப்பேன். ஆய்வக அளவீட்டிலேயே பாதி அளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது இத்துறையில் ஏற்றுக்கொண்ட வழக்கம், ஆக 67 என்பது 100 ஆகவும் இருக்கலாம். எழுதும் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "இந்த இலையில் டிரையசோஃபாஸ் 2 பிபிஎம். துவையலாக 10 கிராம் சாப்பிடும் 12 கிலோ குழந்தைக்கு ஒரே வேளைக்கான வரம்பில் 167 சதவீதம். சாம்பாரில் 5 கிராம் சாப்பிடும் பெரியவருக்கு 17 சதவீதம். ஒப்பிட்டது ஜே.எம்.பி.ஆர். எண்ணோடு."

100-ஐத் தாண்டினால் அந்தச் சரக்கை நிறுத்திவிட்டு, வந்த தோட்டத்தைத் தேடிப் போக வேண்டும். விவசாயியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன மருந்து, என்றைக்கு அடித்தது, என்றைக்குப் பறித்தது. டப்பாவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், கடைக்காரர் கொடுத்ததை அப்படியே அடித்திருப்பார், பெயர்கூடத் தெரிந்திருக்காது. அடுத்த பறிப்புக்கு முன் அதே வயலில் பல இடங்களிலிருந்து இலையெடுத்து, டப்பாவில் இருந்த மருந்தின் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.